செம்பட்டையும் செம்பட்டும்

என் மகள் கட்டப்போகிறவன் ஜெர்மன்காரன், தலை முழுக்கச் சிவப்பு. முதல்நாள் அவன் ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகரத்தில் எங்கள் வீட்டுப் படியேறியபோதே, குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த மனைவியிடம் "செம்பட்டை வந்திட்டுது" என்றேன். எண்ணெய் காணாத, கவனிப்பாரற்ற தலைக்கு நாங்கள் சொல்கிற சொல். அவனுக்கு விளங்காது என்ற துணிச்சல். மாதம் ஒருமுறை மீசைக்கு மை பூசுகிற எனக்கு, அடுத்தவன் மயிரின் நிறத்தில் அப்படியோர் அக்கறை.

இரண்டு வருடம் அப்படியே ஓடியது. செம்பட்டைக்குத் தேத்தண்ணி, செம்பட்டைக்கு உறைப்புக் குறைச்சு. ஒருநாள் அவனே, மகளிடம் பழகிய தமிழில் கேட்டான்: "மாமா, செம்பட்டை எண்டால் என்ன?"

கவிதை எழுதுகிறவன் அல்லவா, பொய் நாக்கிலேயே குந்தியிருந்தது. "செம் எண்டால் சிவப்பு. பட்டு, சீலைப் பட்டு. சிவப்புப் பட்டு."

அவன் வெட்கத்தோடு சிரித்தான். பள்ளிக்கூடத்தில் தன்னை 'ஃபொயர்மெல்டர்' என்றுதான் கூப்பிட்டார்களாம். தீப்பிடித்தால் கண்ணாடியை உடைத்து அழுத்துகிற சிவப்புப் பெட்டி. சிலர் அவன் உச்சந்தலையை அழுத்தியும் பார்ப்பார்களாம்.

போன கிழமை மகள் தொலைபேசியில் வந்தாள். "அப்பா, அவன் அந்தச் சொல்லைக் கையிலை பச்சை குத்தப்போறான். வெள்ளிக்கிழமைக்குக் கடையிலை டெர்மின், நேரம் குறிச்சாச்சு. உங்கடை கையெழுத்திலைதான் வேணுமாம். உண்மையை நீங்களே சொல்லுங்கோ. என்னாலை ஏலாது."

வியாழக்கிழமை அவன் தாளோடு வந்து மேசைக்கு முன்னால் இருந்தான். பேனாவைத் திறக்கும்போதே எனக்கு வழி பளிச்சிட்டது. 'டை'யை 'டு' ஆக்கினால் போதும். பொய் மெய்யாகிவிடும், நானும் யோக்கியனாகிவிடுவேன். இரண்டு வருடப் பாவத்துக்கு ஒரேயொரு எழுத்து. கோயில் சுவரில் எழுதுகிறவன் மாதிரி, சுழித்துச் சுழித்து, செம்பட்டு என்று எழுதினேன். என் வாழ்நாளில் அவ்வளவு அழகாக எதையும் எழுதியதில்லை.

அவன் விரல் வைத்து வாசித்தான். மகள் எழுத்துப் படிப்பித்திருக்கிறாள். "செம்-பட்-டு. ஆனா நீங்கள் டை எண்டெல்லோ சொல்லுறனீங்கள்?"

அதன்பிறகு சொன்னேன். பட்டு இல்லை, எண்ணெய் இல்லாத தலை, நக்கல், எல்லாம். சொல்லச் சொல்ல என் ஜெர்மன் உடைந்துகொண்டே போனது.

"கோவத்திலையோ சொன்னனீங்கள், மாமா?"

"சீச்சீ. சும்மா, பழக்கத்திலை."

"பள்ளிக்கூடத்திலை அவங்களும் சும்மா எண்டுதான் சொன்னவங்கள்."

பிறகு பச்சை குத்துகிற கடைக்குத் தொலைபேசி எடுத்து, நாளை வரவில்லை என்றான். காரணம் கேட்டிருப்பார்கள் போல. என்னைப் பார்க்காமலே "எழுத்துப்பிழை" என்று ஜெர்மனில் சொன்னான், யாருடையது என்று சொல்லாமல்.