தடைக்காலத்தில் அளந்த நல்வாழ்வு

சமூகப்பணியில் முதுகலைப் பட்டம் பெற்ற கையோடு, மனிதர்களின் நல்வாழ்வை அளக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. அளவுகோல் ஒரு கைக்கணினியில் இருந்தது. உறக்கம், குடும்பத்தோடு கழிக்கும் நேரம், அக்கம்பக்கத்து உறவு, மனநிறைவு என்று வரிசையாகக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். எங்கள் தொண்டு நிறுவனம் தூத்துக்குடியில், பெற்றோர் வேலைக்குப் போகும் நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு குழந்தைகள் காப்பகம் திறக்க இருந்தது. கடற்கரையோர மீனவர் தெரு ஒன்றும், நான் குடியிருக்கும் மில்லர்புரமும் இறுதிப் பட்டியலில் இருந்தன. எங்கே நல்வாழ்வு குறைவோ அங்கே காப்பகம். இதைவிட நியாயமான ஏற்பாடு இருக்க முடியாது என்று மனமார நம்பினேன்.

மீனவர் தெருவுக்கு மே மாதத்தில் போனேன். மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் எல்லாம் துறைமுகத்தில் கட்டிக் கிடந்தன. ஆண்களும் வீட்டில் இருப்பார்கள், ஒரே பிற்பகலில் தெருவை முடித்துவிடலாம் என்பதற்காகவே அந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டார்கள். டீ வந்தது. தெருவே கூடியது. முதலில் எதிரே வந்து அமர்ந்தவர், மீனை ஏலத்தில் எடுத்து விற்கும் ஓர் இளம்பெண். மடியில் மூன்று வயது மகள். காப்பகம் வேண்டுமென்று எங்களுக்கு மனு எழுதியவரும் அவரே. விடியுமுன் அவர் ஏலக்கூடத்துக்குப் போக வேண்டும். கணவர் கடலுக்குக் கிளம்புவதும் அதே நேரம். தெருவின் மற்றப் பெண்களும் அதே ஏலத்துக்குத்தான் ஓடுவார்கள். ஆகவே ஏலம் முடியும்வரை குழந்தை ஐஸ் பெட்டியின் மூடிமேல் உட்கார்ந்திருக்கும். ஒருமுறை ஈரத் தரையில் வழுக்கி விழுந்ததில் நெற்றியில் தையல் போட வேண்டியதாயிற்று.

“உங்கள் கணவர் குடும்பத்தோடு போதிய நேரம் செலவிடுகிறாரா?” என்று கேட்டேன்.

“ஒரு மாசமா வீட்ட விட்டு நகர மாட்டேங்காரு சார். அஞ்சு போடுங்க.”

“ஏளா, அடுப்பங்கரைக்கும் பின்னாலயே வாரான்லா? ஆறு போடச் சொல்லு,” என்றார் பக்கத்து வீட்டுப் பெண். தெரு சிரித்தது.

மரத்தின் மறுபுறம் கேரம் ஆடிக்கொண்டிருந்த கணவரிடம், நன்றாகத் தூங்குகிறீர்களா என்று கேட்டேன்.

“ராத்திரி தூங்குததக் கேக்கியளா, பகல்ல தூங்குததக் கேக்கியளா?” என்றார் அவர்.

வாழ்க்கை மனநிறைவாக இருக்கிறதா என்பது கடைசிக் கேள்வி. அந்தப் பெண் கூட்டத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். “எங்களுக்கு என்ன சார் கொற? அஞ்சு,” என்றார். அத்தனை பேர் முன்னால் தன்மானமுள்ள யாரும் வேறு எண்ணைச் சொல்ல மாட்டார் என்பது, ஆய்வுமுறைப் பாடத்தில் முதல் வகுப்பில் தேறிய எனக்குத் தெரியவில்லை.

மில்லர்புரத்துக்காரர்களுக்குக் கேள்விகளைக் கைபேசிக்கே அனுப்பினோம். அவரவர் அறையில், ஏசிக் குளிரில், தனிமையில் அமர்ந்து மனம் நொந்து நிரப்பியிருந்தார்கள். நடைப்பயிற்சிப் பாதையில் நிழல் இல்லை. அமெரிக்காவிலிருந்து மகன் அழைக்கும் நேரம் உறக்கத்தைக் கெடுக்கிறது. அக்கம்பக்கத்து உறவுக்கு ஒன்று போட்டிருந்த ஒரு பெரியவர், மாடிவீட்டு இளைஞன் வணக்கம்கூடச் சொல்வதில்லை என்று காரணமும் எழுதியிருந்தார். அந்த இளைஞன் நான்தான்.

கூட்டிப் பார்த்தபோது மீனவர் தெரு நல்வாழ்வில் திளைத்தது. மில்லர்புரம் வாடி வதங்கியது. காப்பகம் மில்லர்புரத்தில், காலை ஒன்பதரை மணிக்குத் திறப்பது என்ற ஏற்பாட்டுடன் தொடங்கப்பட்டது. எங்கள் வீதியில் குழந்தைகளைவிட முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் அதிகம். இரண்டு ஆயாக்களும் சுவரெல்லாம் வண்ணத்தாளில் பூக்கள் ஒட்டி முடித்துவிட்டு, வாசலைப் பார்த்து அமர்ந்திருந்தார்கள்.

இந்த முடிவைச் சொல்ல நானே ஏலக்கூடத்துக்குப் போனேன். தடை முடிந்து படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கியிருந்தன. குழந்தை பெட்டிமேல் இருந்தது.

“நல்லா இருக்கோம்னு சொன்னது குத்தமா சார்?” என்றார் அந்தப் பெண்.

“குற்றமில்லை. மனுவில் எழுதிய குறையை மதிப்பெண்ணிலும் சொல்லியிருக்கலாம்.”

“கொறைய எங்க கேட்டிய? தூங்குனியா, சிரிச்சியான்னுல்லா கேட்டிய! நான் சிரிச்சிக்கிட்டு இருந்தா எம்புள்ள வழுக்கி விழாதா?”

புலம்பத் தெரிந்தவர்களுக்கே உதவி என்ற ஒரு போட்டியை நடத்திவிட்டு, அதற்கு ஆய்வு என்று பெயர் வைத்திருந்தோம். அவர் நிறைவாக இருப்பது அவருடைய சொந்த விஷயம். வேலை செய்யும் நேரத்தில் குழந்தையைப் பத்திரமாக இறக்கிவைக்க ஓர் இடம் இருக்கிறதா என்பதே நாங்கள் கேட்டிருக்க வேண்டியது. அதற்கு ஐந்து எண்கள் தேவையில்லை.

தடைக்காலத்தில் அளந்தது என் தவறு என்று எங்கள் இயக்குநரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் பெருந்தன்மையோடு, “மறுபடி எடுங்க. இந்தத் தடவை கொஞ்சம் கஷ்டப்படுற மாதிரி வரட்டும்,” என்றார்.

அதை அந்தப் பெண்ணிடம் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்தது. “அத்தன பேரு முன்னால அழச் சொல்லுதியளா? நான் அழ மாட்டேன். வேணும்னா நாளைக்கு நீங்க வந்து இவளப் புடிச்சிக்கிட்டு நில்லுங்க.”

நின்றேன். ஏலம் முடிவதற்குள் குழந்தை என் கையிலிருந்து மூன்று முறை நழுவி ஓடினாள். ஒருமுறை ஐஸ் வண்டியின் சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்தேன். பார்த்ததை அப்படியே இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். இயக்குநர் முழுவதும் படித்துவிட்டு, “மதிப்பெண் எங்கே?” என்றார். இல்லை என்றேன். பக்கங்களை மறுபடி புரட்டினார். பிறகு, சும்மா இருக்கும் ஆயாக்களில் ஒருவரை, விடியற்காலை நான்கு மணி முதல், ஏலக்கூடத்துக்குப் பின்னாலுள்ள காலி அறைக்கு அனுப்பச் சம்மதித்தார். ஆய்வின் முடிவை மாற்ற வழியில்லாததால், அந்த அறை ‘மில்லர்புரம் காப்பகத்தின் விரிவாக்கம்’ என்று பதிவானது. எங்கள் ஆவணங்களின்படி அந்தக் குழந்தை மில்லர்புரத்தில் வளர்கிறாள்.

முதல் நாள் மகளை, ஆயா விரித்த பாயில் உட்காரவைத்துவிட்டு அந்தப் பெண் ஏலத்துக்கு ஓடினார். குழந்தை அலறியது கூடம் முழுக்கக் கேட்டது. குழந்தையைத் திரும்பத் தூக்கி வரட்டுமா என்று பதறிப்போய்க் கேட்டேன்.

“அழட்டும் சார்,” என்றார், ஏலக்காரரிடம் கையை உயர்த்தியபடியே. “பாயில உக்காந்துதான அழுதா.”