‘அனுசரிச்சுக்கணும்’ என்ற வார்த்தை

அன்று அடையவளஞ்சான் தெரு வீட்டு வாசலில் நின்றவர்கள் ஐந்து பேர். வீட்டுக்காரர் சாரங்கன், அவர் சம்சாரம், குடியிருந்த பாக்கியம் டீச்சர், டீச்சரின் அம்மா, அந்த வீட்டைப் பிடித்துக் கொடுத்த தரகன் நான். மார்கழி மாதம், காலை ஏழு மணி. டீச்சரின் ட்ரங்குப் பெட்டி, இரண்டு பாய், அரிசி டின், பரீட்சைத்தாள் கட்டு எல்லாம் தெருவில் கிடந்தன. இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு எரிகிறது.

1. தப்படி

நயா பைசா வந்த புதிது. திருச்சி தெப்பக்குளம் பக்கத்திலும் ஸ்ரீரங்கத்திலும் வீடு பிடித்துக் கொடுப்பது என் தொழில். ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்தைக் கண்டால் பயம் என்பதால் காலால் கணக்கு எடுப்பேன். தண்ணீர்க் குழாய்க்கு எத்தனை தப்படி, காய்கறிக் கடைக்கு எத்தனை, பஸ் நிற்கிற இடத்துக்கு எத்தனை என்று நடந்து பார்த்துவிட்டுத்தான் வீட்டைக் காட்டுவேன். சந்தேகம் வந்தால் இன்னொரு முறை நடப்பேன். கதவைப் பூட்டினேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிற ஆள் நான். தொழிலுக்கு அது உதவியது.

பாக்கியம் டீச்சருக்குச் சின்ன வயதிலேயே இடது கால் சூம்பிவிட்டது. பஸ் படி ஏறுவது பெரும்பாடு. உப்பிலியபுரத்திலிருந்து, ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு வேலைக்கு வந்திருந்தார்.

“காத்து, வெளிச்சம் எதுவும் பெரிசில்லீங்க. பள்ளிக்கூடத்துக்கு நடந்து போயிட்டு வர்ற மாதிரி இருக்கணும். இல்லேன்னா வேலையை விட்டுட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான்” என்றார்.

சாரங்கன் வீட்டு முன் போர்ஷனிலிருந்து பள்ளிக்கூடம் முந்நூற்று நாற்பது தப்படி. அது என் நடைக்கு. டீச்சரின் நடைக்கு எவ்வளவு என்று தெரிய வேண்டுமே, ஒரு காலை இழுத்து இழுத்து நடந்து பார்த்தேன். ஐந்நூற்றுச் சொச்சம் வந்தது. தெருவில் போனவர்கள் சிரித்தார்கள்.

2. கேட்காமல் விட்டது

வாடகை இருபத்திரண்டு ரூபாய். அட்வான்ஸ் மூன்று மாதம், அறுபத்தாறு. டீச்சர் எனக்குத் தருகிற கமிஷன் அரை மாத வாடகை, பதினொன்று. அட்வான்ஸை எண்ணி மடியில் முடிந்துகொண்டே சாரங்கன் சொன்னார்:

“ஓய் மாணிக்கம், விசேஷ நாள்லே கொஞ்சம் அனுசரிச்சுக்கணும். டீச்சரண்டை சொல்லிடும்.”

எனக்கு உறுத்தியது. எந்த விசேஷம், என்ன அனுசரிப்பு என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்டால் அவர் ஏதாவது சொல்வார், டீச்சர் வேண்டாம் என்பார், கமிஷன் போய்விடும். அந்த மாதம் வேறு வீடு எதுவும் முடியவில்லை. டீச்சரிடம் அதே வார்த்தையை அப்படியே கொண்டுபோய்ச் சொன்னேன். கூட்டமும் சத்தமும் இருக்கும் போல என்று நினைத்து அவரும் தலையாட்டினார்.

3. மார்கழி

ஏகாதசிக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கோயிலுக்கு நடக்கிற தூரத்தில் இடம் கிடைத்தால் ஒரு நாளைக்கு ஐந்து ரூபாய்கூடக் கொடுப்பார்கள். நான் தப்படி எண்ணிப் பிடித்த வீட்டை அவர்களும் தேடி வந்துவிட்டார்கள். முன் போர்ஷனைப் பத்து நாள் ஒழித்துத் தரச் சொன்னார் சாரங்கன். அரை வருஷப் பரீட்சை நடக்கிற சமயம். டீச்சர் முடியாது என்றார். மறுநாள் காலையில் சாமான்கள் வாசலுக்கு வந்துவிட்டன. எனக்கு ஆள் அனுப்பினார்கள்.

“சொல்லித்தானே குடி வெச்சேன்? இவரையே கேளுங்கோ” என்று சாரங்கன் என்னைக் காட்டினார். “வருஷா வருஷம் வழக்கம். பெருமாளுக்காகப் பத்து நாள் விட்டுக்குடுத்தா என்ன கொறஞ்சு போயிடும்?”

“அந்த அஞ்சு ரூபாயைப் பெருமாளா சாமி வாங்கிக்கப் போறாரு?” என்றேன்.

அவர் சம்சாரம் சட்டென்று உள்ளே போய்விட்டார். டீச்சர் என் பக்கம் திரும்பினார்.

“நீங்க தெரிஞ்சு சொன்னீங்களா, தெரியாம சொன்னீங்களா?”

“நான் கேக்கலீங்க டீச்சர்.”

“என்னை மாதிரி காலை இழுத்து நடந்தெல்லாம் பாத்தீங்களே. வாயைத் திறந்து இதைக் கேட்டிருக்கக் கூடாதா?”

சாரங்கன் மேல் இருந்த ஆத்திரத்தில் பாதி அந்த நிமிஷமே என் மேல் திரும்பிவிட்டது. இன்னும் இறங்கவில்லை.

ஏகாதசிக் கூட்டத்தில் ஸ்ரீரங்கத்தில் எங்கும் இடமில்லாமல் திருவானைக்காவலில் ஓர் அறை பிடித்துக் கொடுத்தேன். இரண்டு நாள் குதிரை வண்டி கிடைத்தது. மூன்றாம் நாள் திருவிழாக் கூட்டத்தில் வண்டி இல்லை. டீச்சர் பஸ் ஏறப் போய்ப் படியிலிருந்து விழுந்து, நல்ல காலிலும் அடிபட்டுக்கொண்டார். பொங்கலுக்கு முன்பே வேலை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு உப்பிலியபுரம் போய்விட்டார்.

அட்வான்ஸைக் கேட்கப் போனேன். சுண்ணாம்பு அடிக்கப் பதினெட்டு, மார்கழி மாத வாடகை இருபத்திரண்டு என்று கழித்துக்கொண்டு இருபத்தாறு ரூபாயை நீட்டினார் சாரங்கன். டீச்சரைத் தெருவில் நிறுத்திய மாதத்துக்கு டீச்சரிடமே வாடகை. சண்டை போட்டேன். கதவைச் சாத்திக்கொண்டார். இருபத்தாறையும் மணியார்டரில் அனுப்பினேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். வீட்டுக்காரர் ‘அனுசரிச்சுக்கணும்’ என்றால் எந்த மாதம், எத்தனை நாள், எந்த அறை என்று அங்கேயே கேளுங்கள். குடிவருகிறவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். வீடு கைவிட்டுப் போனால் போகட்டும். அதற்கப்புறம் எனக்கு எத்தனையோ வீடு அப்படிப் போயிருக்கிறது.

என் கமிஷனையாவது நேரில் கொடுத்துவிடலாம் என்று இரண்டு முறை உப்பிலியபுரம் பஸ் நிற்கிற இடம் வரை போனேன். அந்தக் கேள்வியை டீச்சர் மறுபடி கேட்டுவிடுவாரோ என்ற பயத்தில் திரும்பிவிட்டேன். டீச்சருக்குச் சாரங்கன் தரவேண்டியது நாற்பது ரூபாய். நான் தரவேண்டியது பதினொன்று.