ஓட்டுக் கேட்கப் போன டயர்கள்

யாராவது வண்டியை இரவல் கேட்டால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிவிடும். கேட்கிறவர் நல்லவராகவே இருக்கலாம். கோபம் அவர்மேல் இல்லை. அது ஐம்பதுகளில் வந்த ஒரு தேர்தல் சமயத்தில் மூண்டது, இன்னும் அணையவில்லை.

அப்போது நாங்கள் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் குடியிருந்தோம். என்னிடம் ஒரு பிக்கப் வண்டி இருந்தது. யுத்தம் முடிந்தபின் மிலிட்டரியில் ஏலம் விட்ட வண்டி. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் திறந்த தொட்டி. ஊரில் குட்டி லாரி என்பார்கள். ஓனரும் நான்தான், டிரைவரும் நான்தான். தை, மாசியில் புளி, சித்திரை பிறந்தால் மாங்காய். எல்லாம் பெங்களூர் மார்க்கெட்டுக்குப் போகும்.

அந்த அளவு டயர் கேட்ட இடத்தில் கிடைக்காது. பெங்களூரில் ஒரு கடைக்காரரிடம் சொல்லிவைத்து, லோடு இறக்கப் போகும்போதெல்லாம் அவர் கடை வாசலில் போய் நின்று, ஒரு வழியாக நாலும் ஒரே மாதிரி வாங்கி மாட்டியிருந்தேன். அதனால் அவற்றைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றினேன். அமாவாசை அன்று லோடு ஏற்ற மாட்டேன். ஜாக்கி போட்டுத் தூக்கி, முன் சக்கரத்தைப் பின்னாலும் பின் சக்கரத்தை முன்னாலும், இடத்தை வலத்துக்கும் வலத்தை இடத்துக்கும் மாற்றிப் போடுவேன். ஸ்டெப்னிக்கும் ஒரு முறை வரும். இப்படி மாற்றினால் நாலும் ஒரே சீராகத் தேயும். மாற்றாமல் விட்டால் ஒன்று மட்டும் மொட்டையாகி, நட்டாற்றில் விட்டுவிடும்.

என் மனைவி கிண்டல் செய்வாள். "சாமிக்கு வௌக்கு ஏத்தறத மறந்தாலும் மறப்பீங்க, இத மறக்க மாட்டீங்க" என்பாள். ஆனால் கழற்றிய நட்டுகளை முறத்தில் வாங்கி வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள்.

எனக்கு மாங்காய் லோடு பெரும்பாலும் வேப்பனப்பள்ளிப் பக்கம் ஒரு பெரிய தோப்பிலிருந்துதான் வரும். அந்தத் தோப்புக்காரர் அந்த வருஷம் தேர்தலில் நின்றார். ஒரு நாள் காலையில் அவருடைய மைத்துனர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஏம்ப்பா, எலெக்ஷன் முடியற வரைக்கும் வண்டி நம்மகிட்ட இருக்கட்டும்."

"புளி சீசனுங்க. தினமும் லோடு இருக்குதுங்களே" என்றேன்.

"புளி எங்க போயிடும்? மாமா ஜெயிச்சா ஊருக்கே நல்லது. சித்திரையில எங்க தோப்புக்கு வரவேண்டியவன்தானே நீ?"

கடைசியில் சொன்னதுதான் விஷயம். நானே ஓட்டுகிறேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். அதுவும் வேண்டாமாம், அவர்களுடைய ஆள் ஓட்டுவானாம். சாவியைக் கொடுத்தேன். "நடுவுல ஒரு தடவ டயர மாத்திப் போடச் சொல்லுங்க, ஐயா" என்றேன். மைத்துனர் தலையாட்டினார். சந்தையில் வாங்குகிற எண்ணமே இல்லாமல் மாட்டுக்காரனுக்குத் தலையாட்டுகிற மாதிரி ஒரு ஆட்டல்.

அதற்கப்புறம் வண்டியை நான் பார்த்தது கடைத்தெருவில்தான். முதலில் ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டது. பிறகு வண்டி வந்தது. ஒரு கால் நொண்டுகிற ஆடு மாதிரி இடது பக்கமாகச் சாய்ந்துகொண்டே வந்தது. டிரைவர் வலது பக்கம் உட்காருகிறான் அல்லவா? அதனால் தோப்புக்காரர் இடது பக்கப் படியில் நின்று கும்பிட்டுக்கொண்டு வந்தார். அவர் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தானே கூட்டம் தொங்கும்? படியில் நாலு பேர், மட்கார்டின்மேல் ஒருவர், தொட்டியிலும் இடது ஓரத்திலேயே ஒரு கும்பல். ஒலிபெருக்கிக்கான பேட்டரிப் பெட்டிகளையும் அந்தப் பக்கமே கட்டியிருந்தார்கள். வலது பக்கம் காலியாக இருந்தது. அங்கே நின்றால் யார் கண்ணில் படுவது?

முன் சக்கரம் நேராக உருளவும் இல்லை. கோணிக்கொண்டு தரையைத் தேய்த்தபடி வந்தது. எங்கேயோ பள்ளத்தில் இறக்கி, கல்லில் இடித்து, இரண்டு முன் சக்கரங்களையும் இணைக்கிற டை ராடை வளைத்திருக்கிறான் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது.

"டயரு! டயரு!" என்று கத்திக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். ஒலிபெருக்கிச் சத்தத்தில் என்ன கேட்கும்? நான் கோஷம் போடுகிறேன் என்று நினைத்து, தோப்புக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தபடி இன்னொரு கும்பிடு போட்டார்.

மறுநாள் நேரே தோப்பு பங்களாவுக்குப் போனேன். முற்றத்தில் வெளியூர் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். தோப்புக்காரர் ஒருவரிடம் தெலுங்கிலும் அடுத்தவரிடம் கன்னடத்திலும் பேசிவிட்டு, என்னிடம் தமிழில் திரும்பினார். மூன்று பாஷையிலும் ஒரே தேன்தான். டை ராடு வளைந்திருப்பதைச் சொன்னேன். ஒரு நாள் வண்டியைக் கொடுத்தால் பட்டறையில் நிமிர்த்தி, டயரையும் மாற்றிப் போட்டுக் கொண்டுவந்து விட்டுவிடுகிறேன் என்றேன்.

"ஒரு நாளா? இப்பப் போய் ஒரு நாள் கேக்கறியே" என்று சிரித்தார். "நாட்டுக்காகத் தேஞ்ச டயருன்னு நெனச்சுக்கப்பா."

பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் அசட்டுத்தனமாக ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு வெளியே வந்தேன். வாசலுக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை. அதற்குள் அவருடைய சொந்தக் கார், மேலே வெள்ளைத் துணி போர்த்தி நின்றது. காவலுக்கு இருந்தவரை விசாரித்தேன்.

"எலெக்ஷன் முடியற மட்டும் எடுக்கக் கூடாதுன்னு உத்தரவுங்க. ஊர் ரோடெல்லாம் கல்லும் முள்ளும். டயர் கெட்டுப்போயிடுமாம்" என்றார் அவர்.

அந்த இடத்தில் எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்வது? அவர் டயர் தேயக் கூடாது, என் டயர் தேயலாம். நாட்டுக்காக உழைக்க என்னுடையதுதான் அகப்பட்டதா? அந்தத் துணியை இழுத்துக் கிழித்துப் போடலாம் போல் இருந்தது. கிழிக்கவில்லை. காரின்மேல் ஒரு குற்றமும் இல்லையே. வீடு வரைக்கும் நடந்தே வந்தேன், வழியில் வந்த பஸ்ஸைக்கூட நிறுத்தவில்லை.

ஓட்டுப் போடுகிற நாள் முடிந்ததும் வண்டி வந்தது. கொண்டுவந்து விட்டவன் சாவியைத் திண்ணைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். நானும் என் மனைவியும் சுற்றிப் பார்த்தோம். இடது முன் டயரின் வெளி விளிம்பில் ரப்பரே இல்லை, உள்ளே இருக்கும் நூல் வெளியே தெரிந்தது. அதே டயரின் உள் விளிம்பில் ரப்பர் கட்டங்கள், நாங்கள் பட்டன் என்போம், அப்படியே இருந்தன. வலது பின் டயர் ஏறக்குறைய புதுசு. நடுவில் ஒரே ஒரு தடவை மாற்றிப் போட்டிருந்தால் எந்த டயரும் செத்திருக்காது. ஸ்டெப்னியைத் தொடவே இல்லை. போஸ்டர் ஒட்டுகிற பசை வாளியை அதன்மேல்தான் வைத்திருந்தார்கள். பசை வழிந்து காய்ந்து, அதன்மேல் எறும்பு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது.

"இதுல உக்காந்து ஓட்டினவனுக்குக் கண்ணு இல்லையா?" என்றாள் என் மனைவி. கரண்டியை எடுத்துப் பசையைச் சுரண்ட ஆரம்பித்தாள்.

நான் நாலு சக்கரத்தையும் கழற்றி, வண்டியைக் கல் அடுக்கின்மேல் நிறுத்தினேன். டை ராடைக் கொல்லுப்பட்டறையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

தோப்புக்காரர் ஜெயித்துவிட்டார். சேதி வந்த அன்றே ஊர்வலத்துக்கு வண்டி வேண்டும் என்று மைத்துனர் மாலையும் கழுத்துமாக வந்தார். கல்லின்மேல் நின்ற வண்டியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"என்னய்யா இது? சக்கரம் எங்க?"

"டயரு மாத்திப் போடணுங்க. அதுக்குத்தான் கழட்டினேன்."

"சட்டுனு மாட்டு. ஆளு வேணும்னா அனுப்பறேன். ஆமா, உன் டயரே மோசம்யா. ரெண்டு தடவ பஞ்சர் ஆகி, மாமா வெயில்ல நின்னாரு."

அதுவரை எனக்கு நிதானம் இருந்தது. பட்டறையில் சாமான் இருக்கிறது, இன்றைக்கு ஆகாது என்று நயமாகச் சொல்லி அனுப்பிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். 'உன் டயரே மோசம்' என்ற சொல் எல்லாவற்றையும் கொளுத்திவிட்டது.

அந்த மொட்டை டயரை உருட்டிக்கொண்டு வந்து அவர் முன்னால் சாய்த்தேன். "இதப் பாருங்க. ஒரு பக்கம் நூலு, ஒரு பக்கம் பட்டனு. டயரு மோசமா, ஓட்டினவங்க மோசமா? மாமா வெயில்ல நின்னாரா? ஸ்டெப்னிய எடுத்து மாட்டறதுக்கென்ன? பசை வாளியக் கீழ எறக்க ஒருத்தருக்கும் கை இல்லையா? சக்கரத்த மாட்டினாலும் வண்டி வராதுங்க. கொட்டகையில கார் இருக்குதில்ல, துணிய எடுத்துட்டு அதுல போகச் சொல்லுங்க."

தெருவே வேடிக்கை பார்த்தது. மைத்துனர் முகம் கறுத்துவிட்டது. "சித்திரை வரட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஊர்வலத்துக்கு வேறு யாரோ ஒருவர் லாரி கொடுத்தார். எங்கள் தெரு வழியாகவே வந்தது. நான் வெளியே போகவில்லை.

சித்திரை வந்தது. தோப்பு லோடு எனக்கு வரவில்லை. அவருக்கு வேண்டிய மற்றத் தோப்புக்காரர்களும் என்னைக் கூப்பிடவில்லை. அன்று என் பக்கம் நின்று மைத்துனரை முறைத்த மனைவியே, வேலையில்லாத ஒரு மத்தியானம், "கொஞ்சம் தணிவாப் பேசியிருக்கலாம்" என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் என்னால் அப்படிப் பேசியிருக்க முடியாது என்பதும் அவளுக்குத் தெரியும்.

பெங்களூர்க் கடைக்காரர் புது டயருக்கு இழுத்தடித்தார். அதுவரை ஸ்டெப்னியை முன்னால் போட்டுப் பாதி லோடு ஏற்றினேன். ஓசூர்ப் பக்கம் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி, பீன்ஸ், முட்டைக்கோசு லோடு பிடித்தேன். அந்தப் பக்கத்து விவசாயிகள் கன்னடத்தில் அவசரப்படுத்துவார்கள். காய் வாடுவதற்குள் மார்க்கெட் போய்ச் சேர வேண்டும். மாங்காய் மாதிரி அது பொறுக்காது. சிரமம்தான். ஆனால் அவர்களில் ஒருவரும் வண்டியை விட்டுவிட்டுப் போ என்று சொல்லவில்லை.

அந்த வருஷம் எங்கள் வீட்டுக்கு மாம்பழம் பெங்களூர் மார்க்கெட்டிலிருந்துதான் வந்தது. வேப்பனப்பள்ளிப் பழம்தான், எனக்குப் பழக்கமான தோப்புக் கூடைதான். யாரோ ஏற்றிக்கொண்டு போய் இறக்கியதை, நான் காசு கொடுத்து வாங்கிக் காலி வண்டியில் திரும்பக் கொண்டுவந்தேன்.