தொண்டியில் கை நனைத்த கதை

பக்கத்து வீட்டு ஜுனைதா கொத்தமல்லித் தழை வாங்கக் கிளம்பினால் கொத்தமல்லித் தழையோடுதான் திரும்புவாள் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. போன மாதம் அவளோடு ராமநாதபுரம் கடைத்தெருவுக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டில் தொண்டி பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஜன்னலோரம் இடம் காலி.

"ஏறு ஹெலன்."

"தொண்டியில யாருடி இருக்கா?"

"யாரும் இல்ல. அதான் போறோம்."

எங்கள் பக்கத்துப் பொம்பளைகள் கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி தவிர வேறு எதற்கும் பஸ் ஏறுவதில்லை. அவளுக்குப் புத்தி சொல்லலாம்தான். அதற்குள் நான் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டேன்.

தொண்டியில் கடல் குளம் மாதிரி அலையில்லாமல் கிடந்தது. படகுகளைப் பார்த்தோம். குச்சி ஐஸ் தின்றோம். தெருத்தெருவாக ஒவ்வொரு வீட்டையும் வேடிக்கை பார்த்துக்கொண்டே நடந்தோம். மதியம் ஒரு வீட்டிலிருந்து இறால் ஆணம் கொதிக்கிற வாசம் வந்தது. ஜுனைதாவுக்கு அந்த நிமிஷமே தாகம் எடுத்துவிட்டது.

தண்ணீர் கேட்டோம். அந்த வீட்டு அம்மா ஹுமைரா செம்போடு வந்தார்.

"எந்த ஊரு லாத்தா?"

"ராமநாதபுரம்."

"பிள்ளைக?"

"ஒரே மவன், வசீம். கத்தார்ல ஏசி மெக்கானிக்கா இருக்கான்."

"கல்யாணம்?"

"இன்னும் இல்ல."

ஹுமைராவின் முகத்தில் ஆயிரம் வாட்ஸ் பல்பு எரிந்தது. "வெயில்ல நிக்கிறீகளே, உள்ள வாங்க!" விரிப்பு விரிந்தது. நெய்ச்சோறு வந்தது, இறால் வந்தது, கணவாய்ப் பொரியல் வந்தது. ஜுனைதா பிஸ்மில்லாஹ் சொல்லிக் கை வைத்தவள் மூன்றாவது தடவை சோறு வாங்கும்வரை நிமிரவில்லை. உள்ளே ஹுமைரா போனில், "கை நனைச்சுட்டாக! அல்ஹம்துலில்லாஹ்!" என்று அழாத குறையாகச் சொல்வது காதில் விழுந்தது.

எனக்குப் பகீரென்றது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் முன்கூட்டியே சொல்லாமல் வந்து, வீட்டையும் பெண்ணையும் நோட்டம் விடுவது இந்தப் பக்கத்து வழக்கம். சம்பந்தம் பிடித்தால்தான் அங்கே சாப்பாட்டில் கை நனைப்பார்கள். இவளோ தட்டையே வழித்து நக்கியிருந்தாள்.

"ஜுனைதா, நீ வசீமுக்குப் பொண்ணு பேசி முடிச்சுட்டடி."

அவள் விரல் வாயிலேயே நின்றது.

அப்போதுதான் ஹுமைராவின் மகள் சுஹா டீ கொண்டுவந்தாள். களையான முகம். குனிந்து டம்ளரை வைத்தபடி கிசுகிசுத்தாள். "மாமி, எனக்கு இன்னும் ஒரு வருஷம் படிப்பு இருக்கு. எப்படியாச்சும் வேண்டாம்னு சொல்லிருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

ஜுனைதா என்னைப் பார்த்தாள். சாப்பிட்டுவிட்டு வேண்டாம் என்று எழுந்தால், பெண்ணிடம் என்ன குறையோ என்று தெருவே பேசும். அந்தப் பழி சுஹாவை விடாது. வேண்டாம் என்ற வார்த்தை பெண் வீட்டார் வாயிலிருந்துதான் வர வேண்டும். ஜுனைதா கையைக் கழுவினாள், தொண்டையைச் செருமினாள்.

"ஹுமைரா, மறைக்கக் கூடாது. எம்மவனை விடியக்கால ஃபஜ்ருக்கு எழுப்புனா மதியம் லுஹருக்குத்தான் எந்திரிப்பான்."

"சின்னப் பிள்ளைதானே, சரியாப் போகும்."

"ஒரு வேலையில ஆறு மாசம் நிக்க மாட்டான்."

ஹுமைராவின் சிரிப்பு கொஞ்சம் மங்கியது.

"என்னையத்தான் சொல்லணும். உப்புக் குறைஞ்சா தட்டைத் தூக்கி வீசிருவேன். மருமக எதுத்துப் பேசினா ஒரு வாரம் பேச மாட்டேன்."

ஹுமைரா பெருமூச்சு விட்டு, சுஹா சின்னப் பெண்ணென்றும் படிப்பு முடியட்டும் என்றும் மெல்ல ஆரம்பித்தார். ஜுனைதா வருத்தப்பட்ட மாதிரி தலையாட்டினாள். வாசலில் சுஹா அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பஸ்ஸில் நான் சிரித்துக்கொண்டே வந்தேன். ஜுனைதா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அவள் மகன் நாலு மணிக்கே எழுந்து, கொதிக்கிற வெயிலில் மொட்டை மாடி மொட்டை மாடியாக ஏறி இறங்குகிறவன். ஆறு வருஷமாக ஒரே கம்பெனி. அவனைப் பற்றிப் பெருமை பேசியே எங்கள் தெருவை அறுப்பவள் இவள்.

"நல்ல பொண்ணு ஹெலன். படிச்சு முடிச்சதும் வந்து கேப்போமா?"

"நீ சொன்னதைக் கேட்டதுக்கப்புறம் எவ குடுப்பா?"

போன் அடித்தது. வசீம். ஸ்பீக்கரில் போட்டாள்.

"உம்மா, சாப்பிட்டியளா?"

"சாப்பிட்டேன்ப்பா. உன் மானத்தை வித்து இறால் ஆணம் சாப்பிட்டேன்."

நடந்ததையெல்லாம் சொன்னாள். ஜுனைதா போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ருசியா இருந்துச்சா உம்மா?" என்று கேட்டான் அந்தச் சோம்பேறி.