பாம்புக்கு நற்சான்றிதழ்

வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடையில், விமலாதேவி என்ற கைம்பெண்ணின் வீட்டுக் கராஜில் தருமராசா குடியிருக்கிறார். அந்தக் கராஜில் மனிதர் வசிக்க மாநகரசபையின் அனுமதி இல்லை. தருமராசாவுக்கும் இந்த நாட்டில் நிரந்தரமாக வசிக்க அனுமதி இல்லை. ஆகவே வாடகைக்காரரும் வாடகை இடமும் ஒன்றுக்கொன்று பொருத்தமாகவே அமைந்திருந்தன.

2012இல் படகில் வந்தவர். அப்போது வவுனியாவில் விட்டுவந்த மகள் மிருணாளினிக்கு இரண்டு வயது, இப்போது பதினைந்து. தஞ்சம் கேட்டு அவர் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, நம்பும்படியாக இல்லை என்று எழுதி அனுப்பினார்கள். இருந்தும் அவரைத் திருப்பி அனுப்பவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை விசாவை நீட்டி, பதின்மூன்று ஆண்டுகளாக ‘தற்காலிகமாக’ வைத்திருக்கிறார்கள்.

இதிலிருந்து வேறொருவர் என்ன பாடம் கற்றிருப்பாரோ தெரியாது. தருமராசா கற்றது இது: கேட்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் நாமே சொல்லிவிட வேண்டும், எழுத்தில் சொல்ல வேண்டும், பிரதி ஒன்று கையில் இருக்க வேண்டும். பல் வைத்தியரின் ரசீதிலிருந்து, ஆற்றங்கரையில் குப்பை பொறுக்கியதற்குக் கிடைத்த நன்றிக் கடிதம் வரை ஏழு கோப்புகள் அவரிடம் உண்டு. இந்த முறையால் நன்மை விளைந்ததற்கான அத்தாட்சி மட்டும் அந்த ஏழிலும் இல்லை.

வாடகைக்காரர் காலி செய்த வீடுகளைக் கழுவித் துடைப்பது தொழில். முதலாளி பாஸ்கர், ஸ்ட்ராத்ஃபீல்டில் இருக்கும் கோயம்புத்தூர்க்காரர். கம்ப்யூட்டர் வேலைக்கென்று வந்து, மனிதர்கள் எழுதும் புரோகிராமின் பிழையைவிட அவர்களின் அடுப்புக் கரி சுலபமாகப் போகிறது என்று கண்டுகொண்டவர். சென்ற பெப்ரவரியில் செவன் ஹில்ஸில் ஒரு வீட்டைக் கழுவப் போனபோது, பின்னறையில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. உள்ளே, மண்ணிறத்தில், ஒரு கை தடிப்பில், ஒரு பாம்பு.

“அண்ணே, அசையுதா?” பாஸ்கர் கதவுக்கு வெளியிலிருந்து கேட்டார்.

“என்னைத்தான் பாக்குது.”

“செத்திருந்தா பச்சை மூடிக் குப்பைத் தொட்டி, உசுரோட இருந்தா சிவப்பு மூடி. சீக்கிரம் அண்ணே, மூணு மணிக்கு ஏஜென்ட் வர்றான்.”

“தம்பி, உயிரோட இருக்கிறதைக் குப்பையில போடுறதோ?”

“அந்த வாடகைக்காரன் இதைத்தானே பண்ணிட்டுப் போயிருக்கான்? நாம தொட்டிய மாத்துறோம், அவ்வளவுதான்.”

பாம்பென்றால் தருமராசாவுக்குக் குலைநடுக்கம். அதனால்தான் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார். குப்பைத் தொட்டியிலிருந்து தப்பிய பாம்பு எங்கேயும் இருக்கலாம். கண்ணாடிக்குள் இருப்பது கண்ணாடிக்குள்தான் இருக்கும். பயந்த மனிதனின் கணக்கு சரியாகவே இருந்தது. அது அன்பாக மாறும் என்பதுதான் கணக்கில் இல்லை.

முதல் வாரம் கோழிக்கால் போட்டார். பாம்பு அதை ஒரு கல்லைப் பார்ப்பதுபோல் பார்த்தது. விமலாதேவியின் மகள் நிவேதிகா, மருந்தாளர் படிப்பில் இரண்டாம் ஆண்டு, வந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: “கார்பெட் பைதன் அங்கிள், இந்த ஊர்ப் பாம்பு. ஃப்ரோசன் ராட்ஸ் வேணும்.” அவள் மருந்துகளைப் பற்றிப் படிப்பவள், பாம்புகளைப் பற்றி அல்ல. ஆனால் ஆங்கிலத்தில் சொன்னதால் தருமராசா அதை ஆய்வு முடிவாக ஏற்றுக்கொண்டார்.

எலிகள் விமலாதேவியின் உறைபெட்டியில், சுறாவுக்கும் இடியப்பப் பைக்கும் நடுவில், ‘மீன்’ என்று எழுதிய பைக்குள் குடியேறின. ஒரு ஞாயிற்றுக்கிழமை விமலாதேவி அந்த மீனை எடுத்துத் தண்ணீரில் போட்டார். குசினியிலிருந்து எழுந்த சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு வியட்நாம்காரர் வேலியால் எட்டிப் பார்த்தார்.

“தருமு, நீர் இருக்கிறீரோ, பாம்பு இருக்கிறதோ?”

“ரெண்டு பேரும் இருக்கிறம் அக்கா. வாடகை ஒராளுக்குத்தானே.”

செத்த எலியை வெந்நீரில் வைத்துச் சூடாக்கி, நீண்ட இடுக்கியால் வாலைப் பிடித்து, உயிருள்ளதுபோல் ஆட்டிக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் பாம்பு நம்பாது. தருமராசா இதில் தேர்ந்தவரானார். எலி தயங்குவதுபோலவும் திடுக்கிடுவதுபோலவும் ஓட நினைப்பதுபோலவும் ஆட்டுவார். பாம்பு பாய்ந்து சுற்றிக்கொள்ளும். ஏற்கனவே செத்த ஒன்றைப் பத்து நிமிடம் இறுக்கிக் கொல்லும், ஐயம் தீரும்வரை. முதல் இரண்டு தடவை அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்றாவது தடவையிலிருந்து கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

இரண்டு வாரத்துக்கு ஒரு வேளை உணவு. மீதிப் பதின்மூன்று நாளும் விரதம். வெள்ளிக்கிழமைகளில் மீனோ இறைச்சியோ, மச்சம் எதையும் தொடாத தருமராசா, பாம்பின் உணவையும் வெள்ளிக்கு வராமல் பார்த்துக்கொண்டார். அந்த வீட்டில் அதைவிட ஆசாரமான பிராணி வேறில்லை.

தொட்டியின் ஒரு பக்கம் முப்பத்திரண்டு பாகை வெப்பம், மறுபக்கம் இருபத்தாறு. குளிர்காலத்தில் கராஜுக்கு இரண்டு மணி நேரம்தான் ஹீட்டர் போடலாம் என்பது விமலாதேவியின் சட்டம். பாம்புக்கு அடியில் போட்ட மின்சூட்டு விரிப்புக்கு அந்தச் சட்டம் இல்லை, அதைப் பற்றி அவருக்குத் தெரியாது என்பதால். தருமராசா கட்டிலைத் தொட்டியோடு ஒட்டிப் போட்டார். பாம்புக்குப் பெயர் வைக்கவில்லை, ‘ஆள்’ என்றார்.

ஆளால் நடந்த உண்மையான காரியம் வவுனியாவில் நடந்தது. அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் தொலைபேசியில் வந்து, “சாப்பிட்டீங்களோ அப்பா?” என்று கேட்டுவிட்டு, பதில் வருமுன் போனைத் தாயிடம் கொடுத்துவிடுவாள். அவள்மேல் குற்றமில்லை. இரண்டு வயதில் பார்த்த ஒருவரிடம் பதினைந்து வயதில் என்ன கேட்பது? ஒரு ஞாயிறு, பின்னால் அசைந்த ஒன்றைத் திரையில் பார்த்தாள்.

“அப்பா, அது என்ன பின்னால?”

“அதோ? ஆள்.”

“பாம்போ! கிட்டக் காட்டுங்கோ. கடிக்காதோ? ஆரை நம்பி வைச்சிருக்கிறீங்க? ஐயோ, நாக்கைப் பாருங்கோ!”

அன்று அரை மணி நேரம் பேசினாள். அடுத்த ஞாயிறு அவளே எடுத்தாள். ஆள் தோல் உரித்தபோது பள்ளித் தோழிகள் நால்வர் திரைக்குள் முண்டியடித்தார்கள். மகள் தன்னைப் பார்க்க வரவில்லை, பாம்பைப் பார்க்கத்தான் வருகிறாள் என்பது தருமராசாவுக்கு நன்றாகத் தெரியும். பாம்பு போனால் அவளும் போய்விடுவாள் என்பதும் தெரியும். இதெல்லாம் தெரிந்தபடியால் பாம்பைப் பத்திரமாக வைத்திருக்க விரும்பினார். விரும்பிய இடத்தில்தான் வினை தொடங்கியது.

செப்டெம்பரில் நிவேதிகா பேச்சோடு பேச்சாகச் சொன்னாள், இந்த மாநிலத்தில் பாம்பு வளர்க்க லைசென்ஸ் வேண்டும் என்று. தருமராசா கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்தார்.

“அப்ப இது ஏழு மாசமா லைசென்ஸ் இல்லாமலோ இருக்குது?”

“அங்கிள், ஜஸ்ட் லீவ் இட். நோபடி வில் செக்.”

“ஆரும் சொல்லிக் குடுத்தா வந்து தூக்கிப்போடுவாங்கள் பிள்ளை. நாங்களா முதல்ல சொன்னா, மதிப்பாங்கள்.”

“தருமு, சும்மா கிடக்கிறதைக் கிண்டாதேயும்,” என்றார் விமலாதேவி. “பாம்பைப் பாக்க வாறவன் கராஜையும் பாப்பான்.”

“பாம்பைப் பாக்க வாறவன் பாம்பைத்தான் பாப்பான் அக்கா.”

விண்ணப்பப் படிவம் இரண்டு பக்கம். யாரும் பத்து நிமிடத்தில் நிரப்பிவிடலாம். தருமராசா மூன்று வாரம் எடுத்தார். அவருக்குத் தெரிந்த விண்ணப்பம் ஒரே ஒரு வகைதான். அந்த வகையிலேயே இதையும் செய்தார். முதலில் பதினோரு பக்க வாக்குமூலம். ‘இவர் இந்த நாட்டுக்கு வந்த சூழ்நிலை: தெரியாது. முந்தைய இடத்துக்குத் திரும்பினால் நேரக்கூடிய ஆபத்து: குப்பைத் தொட்டி.’ பிறகு முன், பின், இடம், வலம், கீழ்ப்பக்கம் என்று ஐந்து புகைப்படங்கள், வெள்ளைத் துணியின் பின்னணியில். பிறகு பாஸ்கரின் நிறுவனக் கடிதத்தாளில் ஒரு நற்சான்றிதழ்: ‘இந்தப் பாம்பை எனக்கு எட்டு மாதங்களாகத் தெரியும். அமைதியான சுபாவம். இதுவரை எந்தப் புகாரும் இல்லை.’ சிரித்துக்கொண்டேதான் பாஸ்கர் கையெழுத்துப் போட்டார். தருமராசா சிரிக்கவில்லை.

கடைசியாக, சனிக்கிழமைகளில் நூலகத்தில் உட்கார்ந்து பிரதிகளுக்கு முத்திரை குத்தும் சமாதான நீதவான் யோகேஸ்வரன். முன்னாள் வங்கி முகாமையாளர்.

“என்ன ஐசே இது? பாம்பின்ர வாக்குமூலமோ?”

“என்ர வாக்குமூலம் அண்ணை. பாம்பைப் பற்றி.”

“பிறந்த திகதி விட்டிருக்கிறீர்.”

“தெரியாது.”

“தெரியாட்டி சனவரி ஒண்டு போடும். படகில வந்த எங்கட ஆக்கள் பாதிப் பேர் சனவரி ஒண்டுதானே. சமயம் என்ன?”

“பகிடி விடாதேங்கோ அண்ணை.”

“வெள்ளிக்கிழமை மச்சம் தின்னாதெண்டு நீர்தானே எழுதியிருக்கிறீர்? அப்ப சைவம். கோயில் கடிதம் ஒண்டும் எடுத்திருக்கலாம்.”

சொல்லிக்கொண்டே பத்தொன்பது பக்கத்துக்கும் முத்திரை குத்தினார். சிரித்துக்கொண்டு உதவி செய்பவர்களை எப்படி வெறுப்பது என்று யாரும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

ஸ்கேன் செய்து நிவேதிகா அனுப்பிவைத்தாள். தன் சொந்த வழக்கில் பதின்மூன்று ஆண்டுகளாக இறுதி முடிவுக்குக் காத்திருக்கும் மனிதருக்கு, பாம்பின் விஷயத்தில் ஆறாம் நாள் பதில் வந்தது. பதில் இரண்டு ஆட்களாக, ஒரு வெள்ளை வேனில் வந்தது.

மூத்தவர் மரியாதையான மனிதர். வாசலில் சப்பாத்தைக் கழற்றினார். தொட்டிக்குள் ஒரு தரம் பார்த்துவிட்டு இளையவரிடம் தலையசைத்தார். படம் அவ்வளவு தெளிவாக இல்லாதிருந்தால் தங்களுக்குத் தெரிந்தே இருக்காது என்றார். இது கார்பெட் பைதன் இல்லை, போவா கன்ஸ்ட்ரிக்டர். தென் அமெரிக்கப் பாம்பு. யாரோ கள்ளமாகக் கொண்டுவந்திருக்கிறார்கள், அல்லது கள்ளமாக வந்ததன் பிள்ளை. இந்த நாட்டில் வீட்டில் வளர்க்க லைசென்ஸ் எடுக்கவே முடியாத வகை.

“திருப்பி அனுப்புவீங்களோ?” தருமராசா ஆங்கிலத்தில் கேட்டார்.

எங்கிருந்து வந்தது என்று தெரியாததை எங்கே அனுப்புவது என்றார் அவர். மிருகக்காட்சிச்சாலைகளிலும் இடமில்லை. ஊசி போட்டுவிடுவார்கள், வலிக்காது.

“அப்பீல் செய்யலாமோ?”

இளையவர் மூத்தவரைப் பார்த்தார். பாம்புக்கு அப்பீல் கேட்டு இதுவரை யாரும் வந்ததில்லை போலும். தானாக முன்வந்து அறிவித்தபடியால் தருமராசாவின்மேல் நடவடிக்கை எதுவும் இராது என்று மூத்தவர் ஆறுதலாகச் சொன்னார்.

“நேற்றுத்தான் சாப்பிட்டது, சேர். ரெண்டு நாளைக்குத் தூக்கக்கூடாது. தூக்கினால் சத்தியெடுக்கும், தின்னது வெளியில வந்திடும். சனிக்கிழமை வாங்கோ.”

“இனி அதைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை, மேட்,” என்றார் மூத்தவர். நல்ல மனதோடுதான் சொன்னார்.

இளையவர் கொக்கியை எடுத்தபோது தருமராசா குறுக்கே போனார். தானே எடுத்தார். ஒரு கை கழுத்துக்குக் கீழே, ஒரு கை நடுவில், வயிற்றில் எலி இருந்த இடத்தில் அழுத்தம் படாமல். அந்தக் கையின் வாசம் தெரிந்த ஆள், கொஞ்சமும் முரண்டு பிடிக்காமல் துணிப் பைக்குள் இறங்கியது. கொக்கியைக் கண்டிருந்தால் சீறியாவது இருக்கும். சீறும் சந்தர்ப்பத்தையும் அவரே இல்லாமலாக்கினார்.

“அருமையான உடல்நிலை,” என்று மூத்தவர் பையைத் தூக்கிப் பார்த்துச் சொன்னார். “இப்படிப் பராமரித்த பாம்பை நான் பார்த்ததில்லை.”

இந்த நாட்டில் அதிகாரி ஒருவர் தருமராசாவைப் புகழ்ந்தது அதுவே முதல் தடவை. அந்த நொடியிலும் அவருக்குள் இருந்த விண்ணப்பதாரர் விழித்துக்கொண்டார். அதை எழுத்தில் தர முடியுமா, தன் வழக்குக்கு உதவும் என்று கேட்டார். மூத்தவர் யோசித்து, வேனின் முன்பக்கத்தில் வைத்து இரண்டு வரி எழுதினார்: திரு. தருமராசா தாமாகவே அறிவித்து, பிராணியை அகற்ற முழு ஒத்துழைப்புத் தந்தார்.

“நல்லாப் பாத்தனான் எண்டும் எழுதுங்கோ, சேர்.”

“அதை எழுத முடியாது. வைத்திருந்ததே குற்றம் அல்லவா?”

வேன் போனபிறகுதான் விமலாதேவி திரைச்சீலையை விட்டு வெளியே வந்தார். “கராஜைப் பற்றிக் கேக்கேல்லையே? நல்ல காலம், பாம்போட போச்சு.” நிவேதிகாவின் கண்கள் சிவந்திருந்தன. “யூ கில்ட் ஹிம், அங்கிள்,” என்றாள். கார்பெட் பைதன் என்று சொன்னது யாரென்று அவர் திருப்பிக் கேட்கவில்லை. பாஸ்கரின் போன் வர, பாரமட்டாவில் ஒரு வீட்டைக் கழுவப் போய்விட்டார்.

ஞாயிறு பின்னேரம் மிருணாளினி எடுத்தாள்.

“அப்பா, ஆளைக் காட்டுங்கோ. கடிதம் வந்ததோ?”

“வந்தது.”

“என்னவாம்? லைசென்ஸ் குடுத்தாச்சோ?”

தருமராசா தொலைபேசியைத் தொட்டியின் பக்கம் திருப்பினார். உள்ளே, பாம்பு ஒளிந்துகொள்ளும் மரப்பெட்டி கவிழ்ந்திருந்தது.

“ஓம். குடுத்திட்டாங்கள். ஆள் உள்ளுக்கை படுத்திருக்குது. தோல் கழட்டப் போகுது, எழுப்பக்கூடாது.”

வந்த நாள்முதல் அவர் வாயால் சொன்ன முதல் பொய் அது. முத்திரை இல்லை, சாட்சி இல்லை, அவற்றை யாரும் கேட்கவும் இல்லை. மகள் பெட்டியைப் பார்த்தபடியே பள்ளிக்கூடத்தைப் பற்றி, கணக்கு ரீச்சரைப் பற்றி, தோழி வாங்கிய சைக்கிளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். நடுவில் சட்டென்று நிறுத்திக் கேட்டாள்:

“அப்ப இனி ஒருத்தரும் வந்து ஆளைக் கொண்டுபோகேலாதுதானே அப்பா?”

“ஏலாது,” என்றார் தருமராசா.