சேட்டு மாமாவின் இடது இறக்கை

என் அக்கா புருஷன் சேட்டுவுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாருகிற வேலை. பாத்தியில் நின்று நின்று உள்ளங்காலில் தோல் என்று ஒன்று மிச்சம் இருக்கிறதா என்பதே சந்தேகம். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஆகாய விமானத்தின் மேல் மோகம் வந்ததை எங்கே போய்ச் சொல்வது? ஆசை இருக்கு தாசில் பண்ண, அம்சம் இருக்கு கழுதை மேய்க்க என்று அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். "தாசில்தாரு கூட கீழதான்டா மச்சான் உக்காந்திருக்காரு" என்று சிரித்தார். கோபப்படத் தெரியாத ஆளிடம் கேலி பேசுவது வீண் வேலை.

ஞாயிற்றுக்கிழமைகளில் புதுச்சேரியிலிருந்து சில பேர் காரில் வந்து, உப்பளத்தை ஒட்டிய தரிசில் ரிமோட் விமானம் விடுவார்கள். மரம் கிடையாது, கம்பி கிடையாது, விழுந்தால் கேட்க ஆள் கிடையாது. அவர்களில் திருமுருகன் என்று ஒரு பேங்க்காரர். ஒருநாள் அவருடைய விமானம், மாமா குவித்து வைத்திருந்த உப்பில் நேராக மூக்கைக் குத்தி நின்றது. இறக்கை இரண்டு துண்டு. மனிதர் அதைத் தூக்கிப் போடப் போனார். மாமா கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். மீன் பெட்டி செய்கிற தெர்மாகோலின் பங்காளிதான் அதுவும். "நா வேணா ஒட்டிப் பாக்கட்டுங்களா சார்?" என்று கேட்டார். அன்றைக்குப் பிடித்தது சனி.

முதலில், தொட்டதும் ஒட்டுகிற பசையை வாங்கி வந்து ஊற்றினார். இறக்கை ஒட்டவில்லை, கரைந்து கரைந்து ஓட்டை விழுந்தது. மாமா அரண்டு போனார். பிறகு தச்சர்கள் மரத்துக்குப் போடும் வெள்ளைப் பசைக்கு வந்தார். அது காயும் வரை இறக்கையை மடியில் வைத்து, கைக்குழந்தை மாதிரி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒட்டினால் மட்டும் போதாது, அடுத்த முறை அதன் பக்கத்திலேயே உடையும் என்பதும் புரிந்தது. இறக்கையின் அடியில் பிளேடால் நீளக் கீறி, உள்ளே ஒரு மூங்கில் சிம்பைச் செருகி, மேலே டேப் ஒட்டினார். அக்காவின் பழைய முறம் காணாமல் போனது அந்த வாரம்தான்.

பிறகு என்ன, உடைந்ததெல்லாம் சேட்டுவிடம் வந்தது. தேறாதது அவருக்கே தங்கியது. ஒன்றின் வால், இன்னொன்றின் உடம்பு, மூன்றாவதன் இறக்கை என்று சேர்த்து அவரே ஒன்று கட்டினார். பேங்க்காரர் தன் பழைய ரிமோட்டைக் கொடுத்துப் பறக்க விடவும் பழக்கினார். வீடோ ஒரே கூடம். விமானங்களெல்லாம் தூண்டில் நரம்பில் உத்தரத்திலிருந்து தொங்கின. நிமிர்ந்தால் தலையில் இடிக்கும்.

அக்கா ஞானாம்பாள் இதையெல்லாம் பொறுத்துப் போனாள். ஆனால் அவர்களுடைய மகள் சங்கீதா தலைப்பிரசவத்துக்கு வரப்போகிறாள் என்றதும் பொறுமை போய்விட்டது.

"புள்ளதாச்சி வந்து எங்க படுப்பா? இதுங்க மேல வுழுந்தா என்னா பண்றது?"

"வெறும் தெர்மாகோல்தான ஞானா. வுழுந்தா கூட வலிக்காது."

"செரி. நீ கட்டனது நெஜமா பறக்குதான்னு ஞாயித்துக்கெழம நானே வந்து பாக்கறேன். பறந்துச்சுன்னா எல்லாம் ஒரு மூலையில கெடக்கட்டும். வுழுந்துச்சு, அன்னிக்கே பழைய சாமான்காரன்கிட்ட போட்டுடணும்."

மாமா சரி என்றார். அக்காவிடம் சரி என்றால் அது சரிதான், பேச்சு மாறுகிற ஆள் இல்லை. அந்த ஒரு வாரமும் வேலை முடிந்த கையோடு தரிசுக்குப் போய்ப் பழகினார். இரண்டு முறை விமானம் இடது இறக்கை குத்திப் பாத்திச் சேற்றில் விழுந்தது. இரண்டு முறையும் கழுவி, கீறலுக்கு டேப் போட்டு, வெயிலில் காய வைத்தார்.

இங்கே எங்கள் அக்கா வீட்டுச் சட்டம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தத் தெருவுக்கு நல்ல தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். நீலக் குடத்தில் பிடித்து மூடி வைத்துக் காவல் காப்பாள். சோற்றுக்கும் குடிக்கவும் மட்டும்தான். உப்பளத்திலிருந்து வருகிறவர் காலை, கையை, கருவியை எல்லாம் அங்கேயே உப்புத் தண்ணீர் வாய்க்காலில் கழுவிக்கொண்டுதான் வாசல் ஏற வேண்டும். நானே தாகத்துக்குக் கேட்டால் அரை டம்ளர்தான் வரும். கூடப்பிறந்த தம்பி என்ற சலுகையெல்லாம் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். கேட்டால் சும்மா கட்டினேன் என்றாள். மாமா விமானத்தைத் தூக்கி எறிந்தார். அது எழும்பியது. அக்கா திறந்த வாய் திறந்தபடி நின்றாள். உப்புக் குவியல்களைத் தாண்டியது. சட்டென்று இடது பக்கம் சாய்ந்தது. மாமா ரிமோட்டை வலது பக்கம் தள்ளிப் பார்த்தார். கேட்கவில்லை. சாய்ந்தபடியே வட்டமடித்து வரப்பில் மோதி விழுந்தது.

மாமா போய்த் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தார். "பழைய சாமான்காரன் எத்தினி மணிக்குடா வருவான்?" என்று என்னிடம் கேட்டார். இத்தனை நாள் கேலி பேசிய நானே குனிந்து, சிதறிக் கிடந்த மிச்சத்தைப் பொறுக்கினேன்.

அக்கா அவர் கையிலிருந்து இரண்டு இறக்கைகளையும் வாங்கினாள். அவள் உப்பு கம்பெனியில் பாக்கெட் கட்டுகிறவள். உள்ளங்கை இரண்டிலும் ஒவ்வொன்றை வைத்து மேலும் கீழும் ஆட்டினாள்.

"இது கனமா இருக்குதே."

இடது இறக்கையின் டேப்பைப் பிரித்தாள். மூங்கில் சிம்பு ஓடிய பள்ளம் முழுக்க வெள்ளையாக ஏதோ அடைந்திருந்தது. விரலால் சுரண்டி நாக்கில் வைத்தாள்.

"யோவ், இத எதுல கழுவன?"

"வாய்க்கால்லதான். நீதான எதையும் அங்கயே கழுவிட்டு வரச் சொன்ன?"

பக்கத்தில் நின்ற பேங்க்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். காலமெல்லாம் உப்பு வாரிய மனுஷன், தன் விமானத்தின் இறக்கையிலேயே ஒரு பாத்தி கட்டி உப்பு விளைய விட்டிருக்கிறார்! அக்கா சிரிக்கவில்லை. இறக்கைகளைத் தோளில் சாத்திக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

"பழைய சாமான்..." என்று மாமா பின்னாலேயே இழுத்தார்.

"நோவு இன்னான்னு தெரிஞ்சப்புறம் எதுக்கு அதத் தூக்கிப் போடணும்? அடுத்த ஞாயித்துக்கெழம வந்து பாக்கறேன். பேசாம வாய்யா."

வீட்டு வாசலில் இறக்கையைச் சாய்த்து வைத்தாள். உள்ளே போய் நீலக் குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, நாளைக்குத்தான தண்ணி வரும்? சோத்துக்கு இன்னா பண்ணுவ?"

"நீ வாய மூட்றா."

குடத்தைச் சாய்த்தாள். நல்ல தண்ணீர் அந்தப் பள்ளத்தில் இறங்கி, உப்பைக் கரைத்துக்கொண்டு வழிந்தது. விரலை விட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். இடையில் ஒருமுறை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி ஊற்றினாள். மாமா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். வழிந்து வந்த தண்ணீரில் மெதுவாகத் தன் காலை நீட்டினார்.

"கால எடுய்யா. இது நல்ல தண்ணி" என்றாள் அக்கா.