அக்குளில் வைத்த கை

பீர் பீப்பாயில் காதை வைத்துக் கேட்டார் குன்வோர். காலையிலிருந்து இது நாலாவது முறை. ஈஸ்ட் வேலை செய்தால் உள்ளே கொழுப்பு பொரிவதுபோலச் சடசடக்கும். ஒரு சத்தமும் இல்லை.

"என்ன, தூங்குதா?" பக்கத்துப் பண்ணை ஹல்வார் பூட்ஸ் பனியை வாசலில் உதறினார்.

"செத்தே போச்சோ என்னவோ. நேத்து காலைல போட்ட ஈஸ்ட்."

"போடும்போது கத்தினியா?"

இந்த நார்வேப் பள்ளத்தாக்கில் ஈஸ்ட் ஊற்றுகிறவர் ஊர் கேட்கக் கத்த வேண்டும். இல்லாவிட்டால் பீர் சோம்பிவிடும்.

"கத்தினேனே! உன் நாய்கூட பதில் சொல்லுச்சு."

குன்வோருக்கு அறுபத்திரண்டு வயது. காப்பியைக்கூட நின்றபடி, சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் குடிப்பார். முப்பத்துநாலு வருஷமாகப் பீர் காய்ச்ச விறகும் தண்ணீரும் சுமந்தது அவர். ஈஸ்ட் மட்டும் கணவர் யோஸ்டைன் பொறுப்பு. அவரோ முக்காலியில் உட்கார்ந்து, வலது கையை அக்குளில் செருகிக் கால்மணி நேரம் சும்மா இருந்துவிட்டுத்தான் சூடு பார்க்க மால்ட் சாற்றில், முளைவிட்ட பார்லியின் சாறு அது, விரல் விடுவார். "மகாராஜா கையைச் சூடு பண்றாரு, யாரும் தொந்தரவு பண்ணாதீங்க" என்பார் குன்வோர், விறகைத் தொப்பென்று போட்டபடி.

ஏப்ரலில் யோஸ்டைன் இறந்துபோனார். அவர் தாத்தா காலத்து ஈஸ்ட் அது. காயவைத்திருந்ததை ஒரு துணுக்கு விடாமல் குன்வோர் இந்தக் கிறிஸ்துமஸ் பீரில் போட்டுவிட்டார்.

"உனக்குக் குடுத்த ஈஸ்ட்ல கொஞ்சம் இருக்குமே?"

"போன வருஷமே பூஞ்சை பிடிச்சிருச்சு. சொல்ல வெக்கமா இருந்துச்சு." ஹல்வார் தொப்பியைக் கசக்கினார். "சூடு பாத்தியா?"

"விரலை விட்டுப் பாத்தேன். கறந்த பால் மாதிரிதான் இருந்துச்சு."

"அதுக்கு முன்னாடி என்ன பண்ணிட்டிருந்தே?"

"தொட்டியில ஐஸ் உடைச்சுக்கிட்டு..." குன்வோர் தன் கையைப் பார்த்தார். விறைத்த கைக்கு ஆறின கஞ்சியும் சுடும்.

"அடப் பாவி மனுஷா," என்றார், ஹல்வாரைப் பார்த்து அல்ல.

மேலாக நாலு வாளி மொண்டு, சூடேற்றி, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, அடிவரை துழாவினார்கள். ஹல்வார் வெப்பமானியை நீட்டினார். குன்வோர் வாங்கவில்லை. முக்காலியை இழுத்து உட்கார்ந்து கையை அக்குளில் செருகிக்கொண்டார்.

"மகாராணி எவ்வளவு நேரம்?"

"வாயை மூடிட்டு இரு."

கால்மணி கழித்து விரல் விட்டுப் பார்த்தார். தலையசைத்தார். ஆட்டுத்தோலால் பீப்பாயைப் போர்த்திவிட்டு, மறுபடி கையை அக்குளில் செருகி உட்கார்ந்தார்.

இருட்டும் நேரத்தில் ஹல்வார் பீப்பாயில் காது வைத்தார். "பொரியுது! ஏய், பொரியுது, வந்து கேளு!"

குன்வோர் எழுந்திருக்கவில்லை. கை இன்னும் அக்குளிலேயே இருந்தது.